நூறு பர்சன்ட் நெவில்

ஆஸ்திரேலியாவில், அடிலெய்டின் வடக்கே அடிக்கிற வெயில் முழுக்கத் தன் கூரைக்காகத்தான் என்று நம்புகிற ஆள் எங்கள் தெருவில் ஒருவர் உண்டு. பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற நெவில் ப்ரவுஸ். கூரையில் இருபத்தெட்டு சோலார் பலகைகள். கராஜ் சுவரில் பீரோ மாதிரி ஒரு பேட்டரி. பார்பிக்யூவில் இறைச்சி கருகிக்கொண்டிருக்கும், மனுஷன் செல்போனை நீட்டுவார்.

"பாருப்பா, நூறு பர்சன்ட்!"

எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அடுத்த வீட்டு வெர்னா டக்வெலுக்கு எழுபத்தொன்பது வயது. நுரையீரல் கெட்டுப்போய், கரண்டில் ஓடும் ஆக்ஸிஜன் மெஷினை நம்பி இருப்பவர். கரண்ட் போனால் இருக்கட்டும் என்று பெரிதும் சின்னதுமாக இரண்டு ஆக்ஸிஜன் சிலிண்டர்கள் வைத்திருந்தார். நெவிலுக்கு அது பொறுக்கவில்லை.

"எதுக்கு வெர்னா இந்தப் பழைய இரும்பெல்லாம்? திருப்பிக் குடுத்துடுங்க. நான் இருக்கேன்ல?"

வேலியில் ஓட்டை போட்டுத் தன் கராஜிலிருந்து கேபிளும் இழுத்துவிட்டார். அவர் கூட்டிப்போய் அந்த ஓட்டையைக் காட்டாத ஆள் தெருவில் இல்லை. வெர்னா நம்பி, பெரிய சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஜனவரியில் நாற்பத்து நான்கு டிகிரி அடித்த நாள், நடு மதியத்தில் தெரு முழுக்கக் கரண்ட் போனது. வெர்னா மெஷினைக் கேபிளில் சொருகினார். அது அசையவில்லை. சின்ன சிலிண்டரைத் திறந்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

நான் நெவிலின் கராஜுக்கு ஓடியபோது அவர் பேட்டரியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"என்னய்யா ஆச்சு?"

"நூறு பர்சன்ட் இருக்குப்பா. ஆனா தெருவுல கரண்ட் போனா இது வீட்டுக்குக் குடுக்காதாம். அதுக்குத் தனியா ஒயரிங் போடணும்னு இத மாட்ட வந்த எலெக்ட்ரீஷியன் பொண்ணு அப்பவே சொன்னா. நான்தான் வேணாம்னுட்டேன்."

"ஏன்?"

"அதுக்குப் பதிலா பெரிய பேட்டரியா வாங்கிட்டேன். என் மச்சான் வீட்டுல இருக்கறதவிடப் பெருசு."

ஓங்கி ஒன்று வைக்கலாம் போலிருந்தது. தலைக்கு மேல் அத்தனை வெயில்; பலகைகளும் பேட்டரியோடு சேர்ந்து செத்துக் கிடந்தன.

வெர்னா வீட்டுக்கு ஓடினேன்; அவர் உதடுகள் நீலம் பாரித்திருந்தன. சிலிண்டரின் அளவு காட்டும் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. ஆம்புலன்ஸ் வர ஒரு மணி நேரமாவது ஆகும் என்றார்கள். என்னிடம் சின்ன மின்சாரக் கார் ஒன்று இருக்கிறது. நெவில் அதற்கு வைத்த பெயர் தையல் மெஷின். அதை வெர்னா வாசலில் நிறுத்தி, காரிலேயே இருக்கும் பிளக் பாயின்டிலிருந்து வயர் இழுத்து ஆக்ஸிஜன் மெஷினைச் சொருகினேன். அது ஓடத் தொடங்கியது.

வெர்னாவின் முகத்தில் நிறம் திரும்பியபோதுதான் நெவில் வந்தார், கையில் செல்போனோடு. எதையாவது சொல்லியாக வேண்டுமே அவருக்கு.

"இன்னும் ஒரு பர்சன்ட்கூட எறங்கல, வெர்னா."

வெர்னா மூச்சைச் சேர்த்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்:

"வேலியில போட்ட ஓட்டைய அடைச்சிடு, நெவில். அது வழியா உன் பேச்சு மட்டும்தான் வருது."