பாறை மீனுக்குள் நெளிந்தது

மீன் வியாபாரத்தில் நாற்றத்தைக்கூடச் சகித்துக்கொள்ளலாம், வாங்க வருகிறவர்கள் கேட்கிற கேள்விகளுக்குப் பதில் சொல்லி மாளாது. கடை வைத்து அவதிப்பட்டவர்களே, உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? தொண்ணூறுகளின் கடைசியில், கடலையே பார்த்திராத நான் திண்டுக்கல்லில் மீன்கடை போட்டேன்.

நரம்பு

தவக்கால வெள்ளிக்கிழமை. கிறிஸ்தவ வீடுகளில் அன்று சுத்தபோசனம்: கறி ஆகாது, மீன் ஆகும். மற்ற ஜனங்களில் முக்கால்வாசிப் பேர் வெள்ளிக்கிழமை கவிச்சியே தொட மாட்டார்கள். ஆகவே அன்றைய பிழைப்பு ரீட்டா டீச்சர் கையில். அவர் வாங்கினால் அவர் தெருவே வாங்கும்.

அவருக்காகப் பாறை மீனை வகுந்தேன். உள்ளே வெள்ளையாக ஒன்று சுருண்டு கிடந்தது. பயத்தில் வாய்க்கு வந்ததை உளறினேன்: "நரம்பு டீச்சர்." சொல்லி வாய் மூடவில்லை, அது நெளிந்தது. டீச்சர் பையை மடித்துக் கக்கத்தில் வைத்தார்.

"வீட்டுப்பாடம் எழுதாதவனுக எம்புட்டோ கதை விட்டிருக்கானுக. நரம்பு நடக்கும்னு ஒருத்தனும் சொன்னதில்ல!"

ராமேஸ்வரத்துக்கு ஒரு போன்

எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி, மீன் அனுப்புகிற ஏஜெண்டைப் பிடித்தேன். "அழுகின மீனை அனுப்பி என் சோத்துல மண்ணப் போட்டியேய்யா!" என்று கத்தினேன். அவர் சிரித்தார். "அழுகி வந்த புழு இல்லண்ணே. மீன் உசுரோட இருக்கையிலேயே உள்ள வளர்றது. பாத்து எடுத்துட்டு நல்லா வேகவெச்சாப் போதும்" என்றார்.

அப்படியானால் புழு இருப்பது நல்ல மீனா, இல்லாதது நல்ல மீனா? அதையும் கேட்டுத் தொலைத்தேன்.

"அது மீனுக்கே தெரியாதுண்ணே, போனை வைங்க!"

தோட்டக்காரர்

ஞாயிற்றுக்கிழமை சாணார்பட்டிப் பக்கத்துக் கத்திரிக்காய்த் தோட்டக்காரர் ஒருவர் வந்தார். பட்ட சூட்டில் மீனை வகுந்து, திருப்பித் திருப்பிக் காட்டி, "ஒரு புழு கிடையாது, பாத்துக்கங்க" என்று பெருமையடித்தேன். மனுஷன் முகம் சுருங்கிப்போனது.

"கத்திரிக்காயில புழு இல்லேன்னா மருந்த அள்ளி அடிச்சிருக்குன்னு அர்த்தம். நீ இதுக்கு என்னப்பா அடிச்ச?"

மறு வெள்ளி

டீச்சர் மறுபடி வந்தார், பின்னால் தெருப் பெண்கள் நாலைந்து பேர். இந்த வெள்ளியும் போனால் கடையை மூட வேண்டியதுதான். வகுந்தேன். பாவி மீன், மறுபடியும் ஒன்று! வருவது வரட்டும் என்று, "புழுதான் டீச்சர். எடுத்துட்டு நல்லா வேகவெச்சா ஒண்ணும் பண்ணாதாம்" என்றேன்.

டீச்சர் முகம் சுளிக்கவில்லை, யோசித்தார். "அது சரி, சுத்தபோசனத்துக்குப் புழு சேருமா? அது மீனா, கறியா?" அவர் நேரே ஃபாதரிடம் கேட்கப் போய்விட்டார். பெண்கள் கடையைச் சுற்றி நிற்க, கத்தியும் கையுமாக நான் வேர்த்து நின்றேன். கால் மணி நேரத்தில் திரும்பி வந்தார்.

"ஃபாதரும் செத்த நேரம் முழிச்சுட்டு, 'எடுத்துட்டுச் சாப்பிடும்மா'ங்கிறாரு. எடுத்துட்டு ரெண்டு கிலோ போடுய்யா!"

அன்று மத்தியானத்துக்குள் பெட்டி காலியானது, நான் உண்மையைச் சொன்னதாலா, ஃபாதர் சொன்னதாலா என்பதுதான் இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.