சாலைக்கு அப்பாலும் கேட்ட மணி

என் கையெழுத்து கோணலாக இருக்கும், பிழைகளும் இருக்கும். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் முன்னால் பேச வாய் வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் சாமி மேடைக்குப் பக்கத்தில் ஒரு கைப்பேசி இருக்கிறது. தடித்த, கறுப்பு முதுகுள்ள கைப்பேசி. மருத்துவம் படித்த மகளுக்காக, அவள் ஆஸ்பத்திரி வார்டுகளில் பயிற்சிக்குப் போகத் தொடங்கியபோது வாங்கியது. "நாள் முழுக்க சார்ஜ் நிக்கணும்ப்பா. கோட்டுப் பாக்கெட்ல அடங்கணும். மருந்து புத்தகமெல்லாம் அதுலதான் பாக்கணும். ஆல்கஹால் போட்டுத் துடைச்சாலும் கெடக்கூடாது" என்றாள். மனப்பாடம் செய்துகொண்டு போனேன். பத்தாங் பெர்ஜுந்தாய் டவுன் கடையில் ஒரு வார்த்தையும் வரவில்லை. பேசியது என் வீட்டுக்காரிதான்.

அவள் வருஷக்கணக்காகச் செம்பனைத் தோட்டத்தில் புல்லுக்கு மருந்து அடித்தவள். பையை மோட்டார் சைக்கிளில் மாட்டிவிட்டு மர நிரைக்குள் போய்விட்டால், சத்தம் இல்லாத கைப்பேசி இருந்தும் இல்லாததுதான். அதனால் தோட்டத்து ஆட்கள் முதலில் மணியைத்தான் சோதிப்பார்கள்.

"ஆன்ட்டி, இது ஸ்லிம்மு. டாக்டருக்குப் படிக்கிறவங்க இததான் கேக்குறாங்க" என்றாள் கடைக்காரப் பெண்.

"ஸ்லிம்மு எதுக்கு லா? அடிச்சுக் காட்டு!" என்று சொல்லிவிட்டு, சாலையைக் கடந்து பஸ் நிறுத்தத்தில் போய் நின்றுகொண்டாள். "கேக்கல! அடுத்தத அடி!" அங்கிருந்து அவள் கத்தியதில் பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். கூட வந்திருந்த மகள் முகத்தை மூடிக்கொண்டாள். கடைசியில் இந்தத் தடியன் அடித்தபோது, அங்கிருந்தே கையைத் தூக்கிக் காட்டினாள்.

"வார்டுல சத்தமே வைக்கக் கூடாதும்மா."

"மத்தவங்க வேற, நான் வேற."

வீட்டுக்கு வந்ததும், புது வண்டிக்கு வைப்பதுபோல் அதன் முதுகில் சந்தனப் பொட்டு வைத்தாள். வார்டில் மகள் துடைத்துவிடுவாள். விடுமுறைக்கு வந்தால் இவள் மறுபடி வைப்பாள்.

என் வீட்டுக்காரிக்கு ஏற்கெனவே இதயம் பலவீனம். மகள் குரலைக் கேட்டால்தான் அன்றைக்கு மருந்து இறங்கும். மத்தியானமானால் கூப்பிட்டு, "சாப்பிட்டியா?" என்பாள். ஒருநாள் அந்த அழைப்பு, பெரிய டாக்டர் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் வார்டே திரும்பிப் பார்க்கும்படி அடித்துவிட்டது. எல்லார் முன்னாலும் திட்டு வாங்கியதை மகள் சிரித்துக்கொண்டே சொன்னாள். இவள் சிரிக்கவில்லை. அதன்பின் கூப்பிடவே இல்லை. மத்தியானம் கைப்பேசியை எடுப்பாள், பார்ப்பாள், வைத்துவிடுவாள். மகள் கூப்பிடும் சாயந்தரத்துக்காகக் காத்திருப்பாள்.

ஒரு காலையில் நெஞ்சு அடைக்கிறது என்றாள். பக்கத்து வீட்டுக்காரர் காரில் ஏற்றினோம். அவளுடைய பையை என் மடியில் வைத்துக்கொண்டேன். அசாம் ஜாவா ஊரைத் தாண்டும்போது, "புள்ளையக் கூப்பிடுறேன்" என்றேன்.

"வேணாங்க. திட்டு வாங்குவா. சாயந்தரம் அவளே கூப்பிடுவா."

மனசு கேட்காமல் என் கைப்பேசியிலிருந்து அடித்தேன். எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தேன். ஆஸ்பத்திரி வாசல் வருவதற்குள் அவள் தலை என் தோளில் சாய்ந்துவிட்டது. என் அழைப்புகளை மகள் வார்டு முடிந்த பிறகுதான் பார்த்தாள்.

கருமாதி முடிந்த அன்று, மகள் அந்தப் பையிலிருந்து அம்மாவின் கைப்பேசியை எடுத்து அழுத்தினாள். மேசைமேல் கிடந்த அவளுடைய கைப்பேசி வீடே அதிர அடித்தது.

"மத்த நம்பரெல்லாம் சைலண்டுப்பா. அம்மா நம்பர் மட்டும் அடிக்கும். திட்டு வாங்குன அன்னிக்கே டாக்டர்கிட்ட அம்மாவோட ஹார்ட்டு விஷயத்தச் சொன்னேன். அந்த ஒரு நம்பருக்கு சரின்னுட்டாரு. அத அம்மாகிட்ட சொல்லாம விட்டுட்டேன்." அம்மாவின் கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டு, "அம்மா கூப்பிடலையேன்னு பாப்பேன். நல்லா இருக்காங்கன்னு நெனச்சுக்குவேன்" என்றாள்.

அன்று காரில் என் மடியில் இருந்த பைக்குள்தான் இருந்தது அந்த நம்பர்.

மகள் இப்போது டாக்டர். மெல்லியதாக வேறொன்று வைத்திருக்கிறாள். பழையதை நம்பரோடு இங்கேயே விட்டுவிட்டாள். அதற்கும் அவள் அம்மாவுடையதற்கும் நான் சார்ஜ் போட்டு வைக்கிறேன். நேற்று அந்தத் தடியனின் முதுகில் சந்தனம் வைத்தேன். துடைக்க ஆள் இல்லை. பிறகு என் வீட்டுக்காரியின் கைப்பேசியை எடுத்துக்கொண்டு வாசல் சாலையைக் கடந்து போய் நின்று, அழுத்தினேன்.

நன்றாகக் கேட்டது. அடித்து ஓயும்வரை நின்றிருந்தேன்.

எழுதியது: அவளுடைய திவசத்துக்கு மறுநாள், ஞாயிறு காலை.