முதல் ரோல்ஸ்

கொட்டாஞ்சேனைக் கடையை விட்டு நடந்துகொண்டிருந்தேன். காலாவதியான பால்மாப் பைக்கற்றுகளில் புதுத் திகதி ஒட்டச் சொன்னார்கள். மறுத்ததால் வேலை போயிற்று. அந்த வருடத்தில் போன மூன்றாவது வேலை அது. வெள்ளவத்தையில் பசி தாங்காமல் ஒரு தேநீர்க் கடைக்குள் நுழைந்தேன்.

முதலாளி கட்டையான மனிதர். முன்கையெல்லாம் எண்ணெய் தெறித்த தழும்பு. மீனோ முட்டையோ வைத்துச் சுருட்டிப் பொரித்து இறக்கும் ஒவ்வொரு தட்டிலும் முதல் ரோல்ஸை அவரே கடித்துப் பார்த்துத்தான் விற்பார். அன்று கல்யாண வீட்டுக்கு இருநூறு மீன் ரோல்ஸ் போகவேண்டும். ஏற்றிப்போக வாசலில் வான் வண்டி நின்றது. கடித்தவர் துப்பினார். மீன் பழுதாகியிருந்தது.

"மிளகாய்த்தூள் கொஞ்சம் தூவி அனுப்புங்க முதலாளி, ஒருத்தருக்கும் விளங்காது," என்றார் வான்காரர்.

"எனக்கு விளங்கிட்டே!" என்றவர் கல்யாண வீட்டுக்குப் போன் எடுத்தார். "மீன் சரியில்ல. ரெண்டு மணித்தியாலம் பொறுத்தா முட்டை ரோல்ஸ் தாறன். ஏலாட்டி வேற கடையில எடுங்க, நான் கோவிக்க மாட்டன்."

பொறுப்பதாகச் சொன்னார்கள். கடையே உட்கார்ந்து முட்டை உரித்தது. நானும் உரித்தேன், முணுமுணுத்தபடி வான்காரரும் உரித்தார். சொன்ன நேரத்துக்கு வான் கிளம்பியதும் முதலாளி மேசையில் ஓங்கித் தட்டிச் சிரித்தார். பிறகு என் கதையைக் கேட்டார். சொன்னேன்.

"காலையில வாங்க, தம்பி."

போனேன். முதல் தட்டு இறங்கியதும் அவர் கடிக்கவில்லை. முதல் ரோல்ஸை என்னிடம் நீட்டினார்.

"இனி இது உங்கட வேலை."