குறைகிற முப்பத்தைந்து

புது டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் செருகியதும் மனாசே திரையைப் பார்க்க மாட்டார். வாங்க வந்தவரின் முகத்தைத்தான் பார்ப்பார். பெட்டியில் ஐந்நூறு ஜிபி என்று போட்டிருக்கும். திரையில் நானூற்று அறுபத்தைந்து என்று வரும். அந்த முகம் வாடுகிற நேரத்துக்காகவே அவர் கடை நடத்துகிறாரோ என்று தோன்றும். "மிச்சம் முப்பத்தஞ்சு எங்கன்னு தேடுறியா? அது செத்தவங்க பங்குப்பா. கேக்கக் கூடாது" என்பார், வயிறு குலுங்க.

தீவு நகரமான நுகுஅலோஃபாவில், சந்தைக்குப் பின்னால், ஐஸ் விற்பவருக்கும் தையல்காரிக்கும் நடுவில் அவர் கடை. கல்யாணம், சாவு, தேவாலயப் பாட்டு எல்லாவற்றையும் படம் பிடிப்பார். ஆக்லாந்தில் இருக்கும் உறவுக்காரர்களுக்குப் பிரதி எடுத்துத் தருவார். டிஸ்க் சூடாகிவிட்டதா என்று கையால் தொட்டுப் பார்க்கிற வழக்கமில்லை; குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். யாராவது விடாமல் சண்டை பிடித்தால்தான் விஷயத்தைச் சொல்வார்.

"பெட்டிக்காரன் ஆயிரத்தை ஆயிரம்னு எண்ணுறான். கம்ப்யூட்டர் ஆயிரத்து இருபத்துநாலு சேந்தாத்தான் அடுத்த படிக்கு ஏத்தும். படிக்குப் படி கொஞ்சம் கொறையுது. டிஸ்க் ஒண்ணுதான், எண்ணுற ஆளு ரெண்டு!"

லாதாய் வந்த அன்று அவள் இடுப்பில், சாவு வீட்டுக்காரர்கள் உடைமேல் கட்டிக்கொள்ளும் துக்கப் பாய் இன்னும் சுற்றியிருந்தது. அவள் கணவன் கெலேபி மீன் பிடிக்கப் போனவன். படகும் வரவில்லை, உடலும் கிடைக்கவில்லை. மறுநாள் அவள் அக்காவோடு இருக்க ஆக்லாந்துக்கு விமானம் ஏற வேண்டும். தூக்கி வந்திருந்த வீட்டுக் கம்ப்யூட்டரில் படங்கள் மட்டும் நானூற்று எண்பது ஜிபி இருந்தன.

"டிஸ்க்கு ஐந்நூறாச்சே, தாராளமா போகும் தங்கச்சி" என்றார் மனாசே. ஊருக்கெல்லாம் கணக்குச் சொன்னவர் அன்று பெட்டியின் எண்ணை நம்பிவிட்டார்.

முக்கால்வாசிக்கு மேல் ஏறியபின் நின்றுவிட்டது. இடமில்லை. அதைவிடப் பெரிய டிஸ்க் அடுத்த கப்பலுக்குத்தான் வரும். மனாசேக்கு வெட்கமாகிவிட்டது. லாதாய் வேண்டாமென்று சொன்ன பாட்டுப் படங்களையெல்லாம் அழித்து, திரையிலிருந்த குப்பைத்தொட்டியையும் காலி செய்தார். மற்றவை மளமளவென்று ஏறின. ஒன்று மட்டும் நின்றது. கெலேபி படகைத் தள்ளிவிட்டுத் திரும்பிப் பார்த்து, "இரு, வந்துர்றேன்" என்று சொல்கிற சின்னப் படம்.

இடமில்லை என்றது திரை. ஒரு கல்யாணப் படத்தையே அழித்தார். இடமில்லை. சோதித்துப் பார்க்கத் தன் பேத்தியின் ஞானஸ்நானப் படத்தைப் போட்டார். நீளமான அந்தப் படம் சட்டென்று ஏறிக்கொண்டது. அதை எடுத்துவிட்டுக் கெலேபியைப் போட்டார். இடமில்லை.

டிஸ்க்கை எடுத்துக் கன்னத்தில் வைத்தவர் வெடுக்கென்று விலக்கினார். இத்தனை நேரம் ஓடிய டிஸ்க், சுடவில்லை. தண்ணீருக்குள்ளிருந்து எடுத்ததுபோல் சில்லென்று இருந்தது.

"அண்ணே" என்றாள் லாதாய் மெதுவாக. "செத்தவங்க பங்குன்னு சொல்லுவீங்களே. அங்க இருக்காரா?"

"ஐயோ, அது சும்மா வாய்க்கு வந்தது, தாயி! அப்படி ஒரு இடமே கெடையாது." ஆயிரத்தையும் ஆயிரத்து இருபத்துநாலையும் விரல் மடக்கி மடக்கி விளக்கினார். அவர் சிரிக்காமல் அதைச் சொன்னது அன்றைக்குத்தான். அவள் முழுவதும் கேட்டாள்.

"தேடப் போனவங்களும் இதைத்தான் சொன்னாங்க. எண்ணிப் பாத்த இடத்துல எல்லாம் அவரு இல்லைன்னு."

பக்கத்துக் கடையில் தையல் மெஷின் நின்றிருந்தது. மனாசே மறுபடி விசையை அழுத்தப் போனார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்ணே. வரமாட்டேங்குறாரு. இழுக்காதீங்க. இங்கயே இருக்கட்டும், கடல் பக்கம்."

டிஸ்க்கை மட்டும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். கம்ப்யூட்டர் மூலையில் ஸ்டூல்மேல் இருக்கிறது. விலைக்குக் கேட்டவர்களுக்கு, "அது ஒருத்தரோடது" என்று மட்டும் சொல்கிறார். புது டிஸ்க் வாங்குபவர் முகம் வாடினால், கணக்கைச் சொல்லிப் பணத்தை வாங்கிக்கொள்கிறார்.

போன வாரம் தையல்காரி சில்லறை கேட்டு வந்திருந்தாள். கடையில் வேறு யாரும் இல்லை. எடுக்கப் போன மனாசே அந்த மூலையைக் கடக்கும்போது, உட்கார்ந்திருக்கும் பெரிய மனிதர் முன்னால் போகிறவரைப்போல் முதுகை நன்றாக வளைத்து, கையை முன்னால் நீட்டி, "துலோ, மன்னிக்கணும்" என்று முணுமுணுத்துவிட்டு, வழி விடப்படும்வரை நின்றார்.