கூரையைத் தட்டிவிட்டு உள்ளே போனவர்

என் அப்பா எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் கூரையைத் தட்டிப் பார்ப்பார். கையில் கம்பு இருந்தால் கம்பால், இல்லையென்றால் குடையின் முனையால். தட்டிவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்பார். பிறகுதான் உட்காருவார்.

கோலார் தங்கவயலில் பூமிக்கு அடியில் வேலை பார்த்தவர் அவர். வெடி வைத்த இடத்துக்குத் திரும்பப் போகும்போது ஒருவர் முன்னால் நடந்து, தலைக்கு மேலிருக்கும் பாறையை இரும்புக் கம்பியால் தட்டிக்கொண்டே போக வேண்டும். கணீரென்றால் பாறை கெட்டி. தொம்மென்றால் உள்ளே பிளவு விட்டிருக்கிறது. அதை நெம்பித் தள்ளிய பிறகு, முன்னால் போனவர் "வா" என்று குரல் கொடுத்தால்தான் மற்றவர்கள் நுழைவார்கள். அப்பா பல வருடம் அந்த முன்னால் போகிற ஆள். சுரங்கத்தை மூடிய பிறகும் கை அந்த வேலையை விடவில்லை.

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். பெங்களூருக்கு ரயிலேறி வந்து லாரி கிளீனர், கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறுகிறவன், பெயிண்டர் என்று மாறிக்கொண்டே இருந்தேன். ஒரு வேலையை எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்துவிட்டால் எனக்கு அடுத்ததைப் பார்க்கத் தோன்றிவிடும். நடுவில் சாப்பாடு இல்லாத நாட்கள் இருந்தன. பஸ் ஸ்டாண்டில் படுத்திருக்கிறேன். அதெல்லாம் எல்லோருக்கும் இருந்ததுதான்.

சுரங்கம் மூடியதும் அம்மா என்னோடு வந்து, பிரேசர் டவுனில் வீட்டு வேலைக்குச் சேர்ந்தாள். அப்பா தங்கவயலிலேயே சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் இருந்துகொண்டு, காலை ரயிலில் பெங்களூர் வந்து ஒரு கம்பெனியில் வாட்ச்மேன் வேலை பார்த்துவிட்டுச் சாயங்கால ரயிலில் திரும்புவார். பகலெல்லாம் இருவரும் ஒரே ஊரில். ஆனால் சந்தித்துக்கொள்வது என்னவோ ரயிலடியில், வண்டி கிளம்புவதற்கு முன்னால். அம்மா சாப்பாட்டுத் தூக்கோடு போய் நிற்பாள். இப்படியே வருடங்கள் போயின. ஒரு நாள் கூட்டத்தில் ஏறும்போது அப்பா விழுந்து முழங்கால் போனது. இனி தினமும் ரயில் ஏற முடியாது. அங்கே தனியாகக் கிடக்க வேண்டும், அல்லது எங்களோடு வந்துவிட வேண்டும். அம்மா யாரையும் கேட்கவில்லை. சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் போட்டு லிங்கராஜபுரத்தில் ஒரு வீட்டை லீசுக்கு எடுத்துவிட்டாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அவர் இந்தக் கூரைக்குக் கீழே இருக்க வேண்டும்.

அப்பா டிரங்குப் பெட்டியோடு வந்தார். வாசலில் நின்று குடையை நிமிர்த்திக் கூரையைத் தட்டினார். இன்னும் கொஞ்சம் உள்ளே போய் மறுபடி தட்டினார். எங்கள் கூரைதான் வீட்டுக்காரம்மாவுக்குத் தரை. ஒரு கையில் ஜெபமாலையும் மறு கையில் ஊன்றுகோலுமாக அந்த அம்மா மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

"பெரியவரே, மேல நான் ஜெபத்துல இருக்கேன், கீழருந்து யாரு கதவு தட்றது? தேங்காயா இது, தட்டிப் பாத்து வாங்க?"

அப்பா அதைக் காதில் வாங்காமல் சுவரைத் தட்டினார். ஒவ்வொரு சுவரும் தொம், தொம் என்றது.

"இன்னாமே இது, சுத்தி எல்லாம் தொம்முனு கீது. உள்ள ஒண்ணுமே இல்ல."

"உள்ள நான் கீறேன்ல," என்றாள் அம்மா.

அவர் பாயை எடுத்துப்போய் மாடிப்படிக்கு அடியில், டூவீலர்களுக்கு நடுவில் விரித்துக்கொண்டார். சாப்பாடும் அங்கேதான். அம்மா தட்டைக் கொண்டுபோய்க் கொடுப்பாள். ரயிலடியாவது பரவாயில்லை, அங்கே உட்கார பெஞ்சு இருந்தது என்பாள்.

வீட்டுக்காரம்மா சில நாள் பொறுத்துப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, வயசானவர நான்தான் வெளிய தள்ளிட்டேன்னு தெருவே பேசுது. உள்ள படுக்கச் சொல்லு. இல்லாட்டி ஊருக்கு அனுப்பு."

அப்பாவிடம் சொன்னேன். "ஞாயித்துக்கெழம வண்டிக்குப் பூட்றேன்," என்றார். அம்மா அவருடைய சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்தாள். "போறதுன்னா போ. இனிமே நான் ரயிலடிக்கு வந்து நிக்கமாட்டேன், சொல்லிட்டேன்."

அப்போது நான் ஹென்னூர் பக்கம் சிமெண்ட் கல் அறுக்கும் இடத்தில் வேலையில் இருந்தேன். அவரைத் தடுத்து நிறுத்த வேண்டும் என்று பெரிய யோசனையெல்லாம் இல்லை. இந்த ஊர்ச் சுவர் ஏன் அப்படி ஒலிக்கிறது என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அதைக் காட்டாமல் அனுப்ப மனம் வரவில்லை. சனிக்கிழமை பஸ்ஸில் கூட்டிப்போனேன்.

மிஷின் அதிர்ந்து நின்றது. அச்சைத் தூக்கியதும் ஈரக் கற்கள் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றிலும் இரண்டு பெரிய ஓட்டைகள். அப்பா வலிக்கிற காலை நீட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, காய்ந்த கல் ஒன்றின் ஓட்டைக்குள் கையை விட்டார்.

"இத்த வெச்சா வூடு கட்றானுங்க?"

"ஊரு பூரா இதான் நைனா. பாரம் கம்மி."

"செவுத்துக்குள்ள சொரங்கம் வெட்டி வெச்சிக்கிறானுங்க!"

ஒரு ஜல்லியை எடுத்து அந்தக் கல்லைத் தட்டினார். மூலையில் ஒதுக்கியிருந்த விரிசல் கல்லைத் தட்டினார். திரும்ப முதல் கல். அவர் முகம் எனக்குப் புதிதாக இருந்தது. களைத்த மனிதராக மட்டுமே பார்த்திருக்கிறேன். ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளத் துடிக்கிற இந்த நோய் எனக்கு எங்கிருந்து வந்தது என்று அன்றுதான் தெரிந்தது.

"ரெண்டும் தொம்முதான்டா. ஆனா வேற வேற தொம்மு."

என்னோடு வேலை செய்யும் பீகார்ப் பையன்கள் கூடிவிட்டார்கள். நல்ல கல்லையும் விரிசல் கல்லையும் மாற்றி மாற்றிக் கொண்டுவந்து கொடுத்து, கண்ணை மூடிச் சொல்லச் சொன்னார்கள். பாதிக்கு மேல் தப்பாகச் சொன்னார். ஒவ்வொரு தப்புக்கும் அவர்கள் கைதட்ட, அவரும் சேர்ந்து சிரித்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன். "கீழ வேல செய்யச் சொல்ல, நீ தட்டுனது எப்பனா தப்பாப் போயிக்கீதா நைனா?"

"ஒரு தபா." ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். "கணீர்னுதான் கேட்டுது. வான்னு சொன்னேன். பின்னால வந்தவன் பூட்டான்."

பஸ் கம்மனஹள்ளியைத் தாண்டியது. பிறகு, "அப்புறம் எதுக்குத் தட்ற?" என்றேன்.

"தட்டாம இன்னா பண்றது? உள்ள போயாவணுமே."

வீட்டு வாசலில் அம்மா முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். பெட்டி அவள் பக்கத்தில் தயாராக இருந்தது. அப்பா நின்று அதைப் பார்த்தார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு தனியாக உள்ளே போனார். முன்னறைச் சுவர், பின்னறைச் சுவர், சமையல்கட்டு. எல்லாச் சுவரும் தொம் என்றது. நிதானமாக, ஒன்றுகூட விடாமல் தட்டினார். கடைசியாகக் கூரை. மேலே இருந்து அதே மாதிரி இரண்டு தட்டுத் திரும்பி வந்தது. வீட்டுக்காரம்மாவின் ஊன்றுகோலாக இருக்கும்.

"மேல ஆளு கீது," என்றார் அப்பா, யாரிடமும் இல்லாமல்.

அம்மா எழுந்து கதவருகே வந்தாள். "இன்னாய்யா சொல்லுது செவுரு?"

"தெரில. புது ஓசை. கேட்டுக் கேட்டுத்தான் புரியணும்."

சமையல்கட்டு வாசலில் உத்தரத்துக்கு நேர் கீழே ஒரு இடத்தைக் காலால் தட்டிக் காட்டி, பாயை அங்கே போடச் சொன்னார். சோறு ஆக்கப் போகும்போதெல்லாம் அம்மா அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். பிறகு வாசல் பக்கம் திரும்பினார்.

"வா," என்றார்.

"என் வூட்டுக்கு என்னையே கூப்புடுது பாரு இந்த ஆளு," என்று சொல்லிக்கொண்டே அம்மா பெட்டியை ஒரு கையில் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.