ஈயம் காய்ச்சிய அக்காவும் வயிறெரிந்த தங்கையும்

என் அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைவதை ஒட்டி அவருடைய மகன் இந்த நினைவு மலரைக் கொண்டுவருகிறான். "சித்தி, அம்மாவ பத்தி நீங்க எழுதினாதான் நல்லா இருக்கும்" என்று அவன் கேட்டபோது, "எனக்குப் பொய்யெல்லாம் எழுத வராதுடா" என்றேன். "உண்மையவே எழுதுங்க சித்தி" என்றான். ஆகவே உற்றார் உறவினர்களும், அக்காவிடம் வலைக்கு ஈயக் குண்டு வாங்கிய படகுக்காரர்களும் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். எனக்கு என் அக்காவைப் பார்த்து எப்போதும் பொறாமை. அவர் போய் ஓராண்டு ஆன பிறகும் அது குறைந்தபாடில்லை.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே எங்கள் குப்பத்தில் மூத்த பெண்ணாகப் பிறந்தவர் அக்கா. அவர் பிறந்த வருஷம் அப்பாவின் வலை கிழியும் அளவுக்கு மீன் விழுந்ததாம். அதனால் அவர் ராசிக்காரி. நான் பிறந்த வருஷம் கட்டுமரம் உடைந்ததாம். எனக்கு என்ன பட்டம் கிடைத்திருக்கும் என்பதை நீங்களே யூகித்துக்கொள்ளலாம். இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி அவருக்கு, எலிவால் எனக்கு. மாப்பிள்ளையும் அவருக்கு அதே குப்பத்தில் அமைந்தார். அம்மா வாசலில் நின்று கூப்பிட்டால் அவர் வீட்டில் கேட்கும். என்னைச் செய்யூருக்குக் கிழக்கே, கழிவெளி என்கிற உப்பங்கழி ஓரத்து ஊரில் கட்டிக்கொடுத்தார்கள். பிறந்த வீட்டுக்கு வர இரண்டு பஸ் மாற வேண்டும்.

எனக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. என்னிடம் உள்ள ஏதாவது ஒன்றைப் பார்த்து என் அக்கா ஒரு நாளாவது வயிறெரிய வேண்டும். புதுப் புடவை கட்டிக்கொண்டு போய் நின்று பார்த்தேன். மாடி எடுத்த பிறகு வீட்டுக்குக் கூட்டிவந்து ஒவ்வொரு அறையாகத் திறந்து காட்டினேன். "நல்லாகீதுடி" என்பார். முகத்தில் ஒரு சுருக்கமும் விழாது. மனசாரச் சொல்வார், அதுதான் எனக்குத் தாங்காது.

அக்கா வீட்டுக்காரரான மாமாவுக்குப் படகு தள்ளும்போது முதுகில் அடிபட்டுக் கடலுக்குப் போக முடியாமல் ஆனது. கைக்குழந்தையோடு அக்கா ஈயம் காய்ச்ச உட்கார்ந்தார். வலையின் அடிப்பக்கம் தண்ணீரில் அமிழ்ந்து நிற்க ஈயக் குண்டு வேண்டும். அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு அவரவரே காய்ச்சிக்கொள்வார்கள். பழைய ஈயத்தைச் சட்டியில் போட்டு, சோறு பொங்கிய அடுப்பிலேயே உருக்கி, இரும்பு அச்சில் ஊற்றுவார்கள். குழந்தைகள் சுற்றி உட்கார்ந்து அது வெள்ளி மாதிரி ஓடுவதை வேடிக்கை பார்க்கும். அக்காவும் முதலில் அப்படித்தான் செய்தார். வேலை சுத்தமாக இருந்ததால் மற்றவர்களும் அவரிடமே கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள்.

நடக்கப் பழகிய வயதில் மகனுக்கு வயிற்றுவலி வந்தது. சாப்பிட மாட்டான், முகம் வெளுத்துப்போய் எந்நேரமும் சிணுங்குவான். நானும் கூடப் போயிருந்தேன், செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு. டாக்டரம்மா, "வூட்ல இன்னா வேலை செய்றீங்க?" என்று கேட்டார். அக்கா சொன்னதும் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டார். குழந்தையின் ரத்தத்தைச் சோதித்தார்கள். ஈயம் சேர்ந்திருந்தது. புகையில் மட்டும் இல்லை, அடுப்படித் தரையில், அக்காவின் புடவையில், அவர் கை விரல்களில் எல்லாம் தூசியாக ஈயம் ஒட்டியிருக்கும். தவழும் பிள்ளை அதைத் தொட்டுத் தொட்டு வாயில் வைக்கும். மூளை வளர்கிற வயதில் அது செய்கிற கெடுதலைப் பிறகு சரிசெய்ய முடியாது என்று அவர் பொறுமையாகச் சொன்னார். பஸ்ஸில் திரும்பி வரும்போது அக்கா பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளாமல் என்னிடம் கொடுத்துவிட்டார். தன் புடவையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

வேலையை விட்டுவிடுவார் என்று நினைத்தேன். அவருக்கு வேறு வழி இல்லை. வேலை செய்யும் விதத்தை மாற்றினார், அதிலும் எல்லாரையும் விடப் பெரிய பேர் எடுத்தார். வீட்டை விட்டுத் தள்ளி, நாலு பக்கமும் திறந்த கொட்டகை போட்டார். சுற்றிலும் பழைய வலைக் கயிற்றைக் கட்டி, அதைத் தாண்டிப் பிள்ளைகளும் வாயும் வயிறுமாக இருப்பவர்களும் வரக் கூடாது என்றார். காற்று முதுகில் படும்படி நிற்பார், புகை எதிர்ப்பக்கம் போகும். காற்று இல்லாத நாளில் அடுப்பு மூட்டமாட்டார். மழைத் தூறல் விழுந்தால் அவ்வளவுதான், யார் வந்து கெஞ்சினாலும் வேலை கிடையாது. பேட்டரி உடைத்த ஈயத்தைக் கண்ணாலும் பார்க்கமாட்டார். சட்டியும் கரண்டியும் கொட்டகையை விட்டு நகரக் கூடாது. தோல் கையுறை, மூடிய செருப்பு, கண்ணாடி. மேலே மிதக்கும் கசடை மூடி போட்ட டப்பாவில் அள்ளி வைத்துப் பழைய இரும்புக் கடைக்கே திருப்பி அனுப்புவார். மண்ணிலும் கொட்டமாட்டார், கடலிலும் கொட்டமாட்டார்.

இத்தனை கெடுபிடி பண்ணினால் ஜனங்கள் வேறு பக்கம் போய்விடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அவர்களோ கயிற்றுக்கு வெளியே வரிசையில் நின்றார்கள். ஊர்த் தலைவரே நின்றார். "அக்கா குண்டு வலையை அறுக்காது" என்றார்கள். மெல்ல மெல்லக் குப்பத்தில் யார் வீட்டு அடுப்பிலும் ஈயம் காய்வது நின்றுபோனது. எங்கள் ஊரில் நான் என்ன செய்தாலும் எனக்காக நிற்க ஒரு கோழிகூட வராது.

எனக்குக் கோபம் கோபமாக வந்த விஷயம் இன்னொன்று. இரண்டு பஸ் மாறி, வேர்க்க விறுவிறுக்கப் போய் நிற்பேன். "வந்துட்டியாடி? கிட்ட வராத. குளிச்சிட்டு வரேன், இரு" என்று கொட்டகையிலிருந்து குரல் மட்டும் வரும். வேலைக்கென்று வைத்திருக்கும் நைட்டியைத் தனி வாளியில் போட்டு, நகக்கண் வரை சோப்புப் போட்டுத் தேய்த்து, தலைக்குக் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார். அதுவரை ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். மகாராணி தரிசனம் மாதிரி நான் காத்துக்கிடக்க வேண்டும்.

ரத்தத்தில் ஈயம் குறைந்து உடம்பு தேறிய பிள்ளையும் காத்துக்கிடப்பான். முதலில் எல்லாம் அம்மா என்று ஓடுவான், "அங்கயே நில்லுடா" என்று அவர் போடும் சத்தத்தில் நின்றுவிடுவான். பிறகு தானாகவே கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்கப் பழகிக்கொண்டான். நான் போனால் ஓடிவந்து என் இடுப்பில் ஏறிக்கொள்வான். என் மகள் ஒரு இடுப்பில், அவன் ஒரு இடுப்பில். குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்து அக்கா கையை நீட்டினால், சில சமயம் அவன் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு இறங்கமாட்டான். அதில் எனக்குப் பெருமை தாங்காது.

என் மகளுக்குக் கல்யாணம் ஆன பிறகு, நானும் ஈயம் காய்ச்சுவது என்று முடிவு செய்தேன். எங்கள் கழிவெளியிலும் வலை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அக்கா என்ன வானத்திலிருந்தா குதித்தார்? அவரைவிடப் பெரிய கொட்டகை போட்டேன். செங்கல்பட்டு லேத் பட்டறையில் கடையச் சொல்லி, பளபளவென்று புது அச்சு வாங்கினேன். கையுறை, கண்ணாடி எல்லாம் அவருடையதைவிட உசத்தி. ஒரு வெள்ளிக்கிழமை நல்ல நேரத்தில் முதல் குண்டு ஊற்றுவது என்று சொந்தக்காரர்களைக் கூப்பிட்டேன். அக்காவை முதலில் கூப்பிட்டேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

எந்தத் தொழில் தொடங்கினாலும் கருவிக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்துப் பொட்டு வைப்பது நம் வழக்கம். நானும் மாவிலையால் அச்சுக்கு நன்றாகத் தெளித்தேன். குழியில் எல்லாம் மஞ்சள் தண்ணீர் நின்றது. கற்பூரம் காட்டிவிட்டு, உருகிய ஈயத்தைக் கரண்டியில் மொண்டேன். "கரண்டிய கீழ வைடி" என்றார் அக்கா.

"இன்னாக்கா, நல்ல நேரம் போவுது."

"அச்சுக்குள்ள தண்ணி நிக்குது பாரு. இதுல ஊத்தினா ஈயம் குழியில நிக்காது, உன் மூஞ்சிக்குதான் வரும்."

"மஞ்சத் தண்ணிக்கா. சாமிக்குத் தெளிச்சது."

"ஈயத்துக்கு அது தெரியாதுடி. பொட்டெல்லாம் தூணுக்கு வை. நல்ல நேரம் போனா நாளைக்கு வரும், கண்ணு போனா வராது."

என் நாத்தனார், ஓரகத்தி எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, அச்சை இடுக்கியால் கவிழ்த்துத் தண்ணீரை வடித்தார். காய்ந்த துணியால் துடைத்து, அடுப்புப் பக்கத்தில் சாய்த்து வைத்துச் சூடு காட்டினார். சந்தனமும் குங்குமமும் கருகி உதிர்ந்தன. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த நேரம் பார்த்து என் மகள் பெரியம்மாவுக்குக் காப்பி கொண்டுவந்தாள். அக்கா அவளை ஒரு பார்வை பார்த்தார்.

"எத்தினி மாசம்டி?"

எனக்கு மட்டும்தான் தெரியும், மூன்றாம் மாதம். என் நாத்தனாருக்கே இன்னும் சொல்லவில்லை. அக்கா எழுந்தார், அடுப்பிலிருந்த விறகை ஒவ்வொன்றாக இழுத்து மணலில் போட்டு அணைத்தார்.

"இந்தக் கொட்டாயில இனிமே ஈயம் காயக் கூடாது. அவ பெத்து, அது ஓடி விளையாடி, பள்ளிக்கூடம் போற வரிக்கும்."

"நீ மட்டும் காய்ச்சலாமா?"

"என் வூட்ல இப்ப கொழந்தை இல்லடி. தாய் உடம்புல போனா வயித்துல கீற புள்ளைக்கும் போவும். நான் ஒரு புள்ளைய வச்சிக்கினு பட்டது போதாதா?"

அச்சையும் பையில் போட்டு எடுத்துப்போய்விட்டார். இருந்தால் நான் மறுபடியும் மூட்டுவேன் என்று அவருக்குத் தெரியும். அதோடு விட்டாரா? அடுத்த சீசனில் என் அச்சில் குண்டு வார்த்தார், அதற்கும் ஊரெல்லாம் அவரையே புகழ்ந்தது. என் பேத்தி நல்லபடியாகப் பிறந்தாள். பிறந்ததும் முதலில் 'பெரியம்மாவுக்குப் போன் போடு' என்றாள் என் மகள்.

ஈயம்தான் அக்காவைக் கொண்டுபோனது என்று சாவு வீட்டில் சிலர் பேசியது என் காதில் விழுந்தது. அவர்களுக்காக எழுதுகிறேன். வருஷா வருஷம் ரத்தம் கொடுத்துச் சோதித்துக்கொண்டவர் அவர். பழுதானது இருதயம். எங்கள் அம்மாவுக்கும் இதே கோளாறுதான். அம்மாவிடமிருந்து எல்லாம் அக்காவுக்குப் போனது போல அதுவும் அவருக்கே போனது.

அக்காவின் கடைசி நாளைப் பற்றி எழுதிவிட்டால் என்னால் வேறெதுவும் எழுத முடியாது. ஆகவே நன்றியை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட நர்ஸ் பெண்களுக்கும், கூப்பிட்ட குரலுக்கு ஓடிவந்த ஆட்டோக்காரத் தம்பிக்கும், எங்களுக்கு வேளா வேளைக்குச் சோறு கொண்டுவந்த எதிர்வீட்டு அண்ணிக்கும், அன்று கடலுக்குப் போகாமல் அக்காவைத் தோளில் சுமந்த குப்பத்து ஆண்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. கொட்டகையை அக்கா போலவே நடத்தும் அவருடைய மருமகளுக்கும் என் நன்றி. அவளையும் இப்போது ஊர் புகழ்கிறது. எனக்கு அதுவும் பிடிக்கவில்லை.

அக்காவின் கடைசி நாளன்று, ஆஸ்பத்திரியில் பகல் பார்வையாளர் நேரம். நான் காலையிலிருந்து சாப்பிடவில்லை என்று என் மகள் அக்காவின் கட்டில் ஓரத்தில் என்னை இடித்துக்கொண்டு உட்கார்ந்து, திட்டிக்கொண்டே இட்லி ஊட்டினாள். என் வாயைத் தன் முந்தானையால் துடைத்தாள். படூரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலையிலிருந்து வந்த அக்கா மகன் கதவுப் பக்கம் நின்றான். அவனுக்கு ஒன்றும் மனக்குறை இல்லை. சின்ன வயதிலிருந்து அம்மாவிடம் அப்படித்தான், கொஞ்சம் தள்ளி நின்றுதான் பேசுவான். அக்கா என்னையும் என் மகளையும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"உன் பொண்ணு உன் மேல வுழுந்து வுழுந்து பேசுறா பாரு" என்றார். மூச்சு வாங்கியது. "அதப் பாக்குறப்பல்லாம் எனக்கு வயிறு எரியும்டி. என் புள்ள உன் இடுப்புல ஏறிக்கினு இறங்க மாட்டான் தெரியுமா, அப்பலேர்ந்து."

வாழ்நாள் எல்லாம் நான் காத்திருந்த வார்த்தை அது. மகள் நீட்டிய அடுத்த இட்லியைக் கையால் தள்ளிவிட்டேன்.

"டேய், இன்னாடா அங்கயே நின்னுகினு கீற? அம்மா கிட்ட வா" என்றேன். அவன் இரண்டடி வந்தான். நின்றான். திரும்பி வெளியே போய்விட்டான். அழப் போகிறான் என்று நினைத்தேன். தாழ்வாரத்தில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. கம்ப்யூட்டர் தட்டுகிற கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, சட்டையில் துடைத்துக்கொண்டே வந்தான். கட்டிலில் உட்கார்ந்து அம்மாவின் கையைப் பிடித்தான்.

அக்கா அந்த ஈரக் கையை இழுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். அதன் பிறகு என் பக்கம் திரும்பவே இல்லை. அவருடைய இன்னொரு கையில் ஊசி வழியே மருந்து ஏறிக்கொண்டிருந்தது, அதைத் தொடக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தார். நான் எழுந்து போய் அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.