சுடாத கால்

இந்த ஊரில் ஒருவர் எழுதியது எனக்குப் புரியவில்லை என்றால், எழுதியவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார். வந்து ஒன்பது ஆண்டுகளாகியும் இது எனக்குப் பழகவில்லை. காஞ்சிபுரத்தில் நான் படித்தது எட்டாவது வரை. புரியாவிட்டால் குட்டு என் தலையில்தான் விழும். இப்போது ஸ்காட்லாந்தின் வடக்கே, கடலோரத்தில் ஒரு பல்கலைக்கழகக் கேண்டீனில் சூப் ஊற்றுகிறேன். அங்கே மாணவர்கள் சிலர் சேர்ந்து, உடம்பைப் பற்றியும் அறிவியலைப் பற்றியும் பொதுமக்களுக்காக ஒரு பத்திரிகை நடத்துகிறார்கள். அவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. அந்தப் படிப்பே படிக்காத ஒருவர் வாசித்து, தடுக்கிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தந்த பிறகுதான் கட்டுரை அச்சுக்குப் போகும். மருத்துவம் மூன்றாம் ஆண்டு படிக்கும் ஐலா என்ற பெண்ணுக்கு அந்த ஒருவர் நான். என் ஆங்கிலம் பேசிப் பேசிக் கற்றதுதானே என்றேன். “அதனால்தான் நீங்கள் வேண்டும்” என்றாள். பாராட்டா என்று தெரியாமலே நன்றி சொன்னேன்.

போன சித்திரையில் அவள் தந்த தாள்கள் சர்க்கரை நோயாளிகளின் பாதத்தைப் பற்றியவை. ‘வெறுங்காலோடு நடக்காதீர்கள்’ என்ற முதல் வரியிலேயே கோடு போட்டேன். எங்கள் ஊரில் கோயிலுக்குள் செருப்போடு போக முடியாது, வெயில் காலத்தில் அந்தக் கருங்கல்லில் தோசை ஊற்றலாம் என்றேன். “அப்படியானால் வெயில் தணிந்த பிறகு கோயிலைத் திறக்கச் சொல்லலாமே?” என்றாள். சாமி சாப்பிடுகிற நேரத்தையே மாற்றச் சொல்கிறாள் இந்தப் பெண்! சிரித்தேன். எதற்கென்று தெரியாமல் அவளும் சிரித்தாள்.

அடுத்த பத்தியில் என் சிரிப்பு நின்றது. சர்க்கரை நாள்பட்டால் பாதத்தின் நரம்பு மரத்துப்போகலாம்; சூடு தெரியாது; வலிக்காததால் புண் இருப்பதே தெரியாமல் வளரும் என்று எழுதியிருந்தாள்.

என் அண்ணன் பட்டு நெய்கிறவர். நெடுநாள் சர்க்கரை. உச்சிகால பூஜை பார்த்து, வெளிப்பிரகாரம் சுற்றாமல் வீட்டுக்கு வரமாட்டார். இரண்டு வாரத்துக்கு முன் போனில் சொன்னார்: “எல்லாம் குதிச்சிக்கினு நெழலுக்கு ஓடுறாங்கமா. நான் பாட்டுக்கு நடந்துக்கினு வரேன். சுடவே இல்ல. ஈஸ்வரன் என் காலுக்கு மட்டும் குளுமை குடுத்துக்கிறான்.” பின்னாலிருந்து அண்ணியின் குரல்: “ஆமா, சித்தர் வந்துட்டாரு. தட்டு எடுத்து வையி, அருள்வாக்கு சொல்லுவாரு!” மனிதர்கள் சொல்வதைச் சேர்த்து வைப்பது என் பழக்கம். அண்ணன் சொன்னதையும் சேர்த்துவைத்து, இங்கே தமிழர்கள் கூடிய இடத்திலெல்லாம் பெருமையாகச் சொன்னேன். கேட்டுக் கையெடுத்துக் கும்பிட்டவர்களும் உண்டு.

ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் கேண்டீன் பின்வாசலுக்குப் போய் வீடியோவில் கூப்பிட்டேன். அங்கே பிற்பகல்.

“அண்ணா, உள்ளங்கால காட்டு.”

“இன்னாமா பேசற? தங்கச்சி மூஞ்சிக்கு நேரா கால நீட்டுவாங்களா? போய் வேலையப் பாரு.”

நான் கத்திய கத்தலில் பின்வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணி போனைப் பிடுங்கிக்கொண்டு குனிந்தார். பெருவிரலுக்குக் கீழே கொப்புளம் உடைந்து, ஓரமெல்லாம் கறுத்து, நடுவில் குழி விழுந்திருந்தது. அண்ணி போனைக் காலருகே பிடித்தபடியே கேட்டார்.

“இத்தோடயா மிதிச்சிக்கினு இருந்தீங்க?”

“எத்தோட?” என்றார் அண்ணன்.

தறியில் கைதான் நெய்கிறது என்று நினைக்கிறவர்கள் உண்டு. தறிக்குக் கீழே உள்ள குழிக்குள் கால் மிதித்தால்தான் இழை பிரிந்து குறுக்கு இழைக்கு வழிவிடும். கால் போனால் அவருக்குத் தறியும் போச்சு. அன்று மாலையே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் விரலை எடுத்திருப்போம், அதோடு நின்றிருக்குமா என்றும் சொல்ல முடியாது என்றாராம் டாக்டர். நான்கு மாதம் கட்டோடு, காலை ஊன்றாமல் கிடந்தார். இப்போது மறுபடி மிதிக்கிறார். விரல் ஐந்தும் இருக்கின்றன. படிக்காத என்னை நம்பி ஒரு பென்சிலைக் கொடுத்த பிள்ளைகளுக்கு நான் எத்தனை கிண்ணம் சூப் ஊற்றினாலும் தகும்.

நானும் ஐலாவும் உட்கார்ந்து அந்த முதல் வரிக்குப் பக்கத்தில் எங்கள் ஊருக்கும் சேர்த்து எழுதினோம். கல் சூடேறும் முன் காலையிலேயே போங்கள். கனத்த காலுறை போடுங்கள். வீட்டுக்கு வந்ததும் உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்கள். சுடவில்லை என்றால் மகிழாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். தமிழில் மாற்றியது நான். கால் சுடவில்லை என்று அண்ணன் சொன்னதையும் அதில் போடலாமா என்று, ஐலாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அவரிடம் வீடியோவில் கேட்டேன்.

“போடு. பேரு மட்டும் வேணாம். ஈஸ்வரன் ஏமாத்திட்டான்னு எழுதிடாதீங்கமா. அந்தப் பொண்ண எழுத வெச்சதே அவன்தான்.”

“அப்ப கால மரத்துப்போக வெச்சது யாரு, எதிர்வீட்டுக்காரரா?” என்றார் அண்ணி.

இருவரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். சண்டை போடுகிறார்களா என்று ஐலா பயந்துபோய்க் கேட்டாள். இல்லை, நன்றாக இருக்கிறார்கள் என்றேன்.

போன வாரம் அண்ணி ஒரு படம் அனுப்பினார். எங்கள் தமிழ்த் தாளை அட்டையில் ஒட்டி, கோயில் வாசலில் செருப்பு விடும் இடத்தில் கட்டியிருக்கிறார். அடியில் ஐலாவின் பெயர், அதன் கீழே என் பெயர். நான் கடைசியாகப் போய் ஐந்து வருடமான வாசலில் அது தொங்குகிறது. யாரென்று தெரியாத ஓர் அம்மா நின்று படித்துக்கொண்டிருக்கிறார். செருப்பைக் கழற்றும்போதே கண்ணில் பட்டிருக்க வேண்டும். ஒரு கால் கல்லில் இருக்கிறது. இன்னொன்று இன்னும் செருப்புக்குள்.